நான் பெயர் வைத்த காடு

என் சட்டைப் பையில் சிவப்பு ரிப்பன் பூ குத்தியிருந்தார்கள். கையில் மூங்கில் குச்சி. பின்னால் காலனிக்காரர்கள் நாற்பது பேர். முன்னால் காடு.

காடு என்றதும் யானை, புலி என்று போய்விடாதீர்கள். திருவொற்றியூரில் எங்கள் காலனியின் பின்சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கிடக்கிற ஒரு துண்டு நிலம்தான் அது. இந்த முனையில் நின்று தும்மினால் அந்த முனையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். மொத்தமே முன்னூறு தப்படி. கும்மிடிப்பூண்டி ரயில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு தொடர வேண்டும். ஆனாலும் வேம்பு, புங்கம், பூவரசு, நாவல், நாட்டுப் பாதாம், சரக்கொன்றை என்று வகை வகையாக மரங்கள் நிற்பதால் நாங்கள் அதைக் காடு என்றே சொல்லிவந்தோம். ஆட்டோக்காரர்கள்கூட “காட்டாண்ட எறங்கணுமா?” என்று கேட்கும் அளவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அன்றைக்கு மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைத்த விழா. பெயர்களை எழுதியது நான். ஆகவே எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போகும் பொறுப்பும் என்னுடையது.

“இது வேம்பு” என்று முதல் மரத்தைக் குச்சியால் தொட்டேன். “கதவு நிலைக்கு நல்லது. கரையான் கிட்ட வராது.”

கைதட்டினார்கள்.

“இது பூவரசு. மேசை, நாற்காலி செஞ்சா பேரன் காலம் வரைக்கும் ஒழைக்கும். இது நாவல். தண்ணிக்குள்ளயே கெடந்தாலும் மக்காது. கெணத்துக்கு அடியில போடுவாங்க. இது இலுப்பை. நல்ல கனம்.”

மூன்றாவது பிளாக் டீச்சரம்மா ஒருவர் கையைத் தூக்கினார். “சார், இந்த இலுப்பை எந்த மாசம் பூக்கும்?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “பூ முக்கியம் இல்லம்மா. உள்ள வைரம் பாஞ்சிருக்கா, அதான் முக்கியம்” என்றேன்.

“மாமுக்கு மரம்னா அத்துப்படி!” என்று கூட்டத்திலிருந்து காதர் பாய் கத்தினார். அவர் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருப்பவர், என் முப்பது வருஷ தோஸ்து. மறுபடி கைதட்டல். என் தலை இரண்டு அங்குலம் உயர்ந்தது.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. கடைசியில் ரப்பர் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தேசம்மா. பைப்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது இருபத்தாறாவது பலகையை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், மாதா கோயில் தேரில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நின்ற கதையை எழுதியிருந்தேன். ‘உங்கள் அசட்டுத்தனங்களில் இதுதான் உச்சம்’ என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவசரப்பட்டுவிட்டார். அவருக்காகவே இந்த வாரம்.

மரவாடி மூக்கு

முதலில் என் கல்வித் தகுதியைச் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில், துறைமுகச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு மரவாடியில் முப்பத்தைந்து வருஷம் கட்டை பார்த்தேன். கப்பலில் வரும் பர்மாத் தேக்கு, மலேசியாக் கட்டை, ஆப்பிரிக்காக் கட்டை. லாரியில் வரும் உள்ளூர் வேங்கை, மருது. எது என்ன ஜாதி, எங்கே சொத்தை, எங்கே ரம்பம் வைக்கலாம் என்று சொல்வது என் வேலை. பதவிக்குப் பெயரே கிடையாது. “அருளு வந்து பாக்கட்டும்” என்பார்கள். நான் போய்ப் பார்ப்பேன்.

பார்ப்பது என்றால் வெறும் கண்ணால் அல்ல. அறுத்த முகத்தில் எச்சில் தொட்டுத் தேய்ப்பேன். ஈரம் பட்டதும் ரேகை எழும்பும். நகத்தால் கீறுவேன். மூக்கைக் கொண்டுபோய் ஒட்டி முகர்வேன். சந்தேகமாக இருந்தால் ஒரு துணுக்கைக் கடித்தும் பார்ப்பேன்.

ஒருமுறை பந்தயம் வைத்துக் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, பன்னிரண்டு துண்டுகளை வரிசையாக மூக்குக்கு நீட்டினார்கள். பதினொன்றைச் சரியாகச் சொன்னேன். பன்னிரண்டாவதை முகர்ந்துவிட்டு, “இது நம்ம மொதலாளி நாற்காலி காலு. பழைய தேக்கு. ஒழுங்கா கொண்டுபோய் மாட்டுங்க” என்றேன். அன்றைக்கு முழுக்க மரவாடியில் அதே பேச்சு.

இந்தப் பெருமை எங்கே போனாலும் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது நான் முன் பெஞ்சை முகர்ந்துகொண்டிருப்பேன். பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா முழங்கையால் இடிப்பாள்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் வந்த ஒரு கட்டைக்கும் இலை கிடையாது. பூ, காய் கிடையாது. பெரும்பாலானவற்றுக்குத் தோல்கூடக் கிடையாது. மரம் எனக்கு அறிமுகமானதே அது செத்த பிறகுதான்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. பொன்னேரிப் பக்கம் ஸ்டெல்லாவின் உறவில் ஒரு கல்யாணம். தோட்டத்தில் நாற்காலி போட்டு, பெரிய இலை மரம் ஒன்றின் நிழலில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு மச்சானைக் கேட்டேன்: “ஒவ்வொரு எலையும் மொறம் சைசுக்கு கீதே, இன்னா மரம் இது?”

“தேக்கு மச்சான்” என்றான் அவன்.

நான் வாழ்நாள் முழுக்க அறுத்துத் தள்ளிய தேக்கு. ஸ்டெல்லா பொன்னேரியிலிருந்து ராயபுரம் வரை ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தாள். இதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்தோணியார் மேல் சத்தியம் வாங்கினேன். அவள் சத்தியத்தைக் காப்பாற்றியதால்தான் பின்னால் வந்த வினையெல்லாம்.

இரண்டு கன்றுகள்

காடு வருவதற்கு முன்னால் அந்த இடம் ஒரே கலீஜ். உடைந்த ஓடு, லாரி டயர், தொழிற்சாலைக் கசடு, யாரோ கொண்டுவந்து கொட்டிய நிலக்கரிச் சாம்பல். எட்டு வருஷத்துக்கு முன்னால் காலனிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அள்ளிச் சுத்தம் செய்தோம். செம்மண் கொட்டி, வீட்டுக்கு ஒரு கன்று என்று முடிவானது.

நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். வேலையை விட்டவனுக்கு மனசு வலிக்கும் என்பார்கள். எனக்குக் கை வலித்தது. காலை ஆறு மணிக்குக் கை தானாக எதையாவது தடவிப் பார்க்கத் தேடும். சாப்பாட்டு மேசையைத் தடவுவேன், கதவைத் தடவுவேன். ஸ்டெல்லா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அந்த நேரத்தில்தான் செங்குன்றம் பக்கத்து நர்சரி ஒன்றில் மகிழம் கன்று வாங்கிவந்து வைத்தேன். மகிழம்பூ என்றால் ஸ்டெல்லாவுக்கு உயிர். மறுநாள் காலையிலிருந்து கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தினமும் போய்க் கன்றைத் தொடுவேன். அது தோள் உயரம் வந்தது, தலைக்கு மேல் போனது, என் கை தண்டில் படிந்தது. அந்த மரம் இல்லையென்றால் முதல் ஒரு வருஷத்தை எப்படித் தள்ளியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டெல்லாவே கோபித்துக்கொள்ளும் அளவுக்கு அதன்மேல் எனக்குப் பிரியம்.

கன்று அசுர வேகத்தில் வளர்ந்தது. “மகிழம் இவ்ளோ வேகமா வளராதே” என்று ஒருவர் சொன்னார். “கைராசி” என்றேன். பூ மட்டும் வரவில்லை. நான்காவது வருஷம் கொத்துக் கொத்தாகச் சின்னப் பச்சை உருண்டைகள் வந்தன. “மொட்டு வுட்டுட்ச்சு” என்று ஸ்டெல்லாவிடம் ஓடினேன். அவள் ஒன்றைப் பறித்து முகர்ந்து பார்த்தாள்.

“வாசமே இல்லியே?”

“விரிஞ்சாத்தான வாசம் வரும்?”

அந்த மொட்டு விரிவதற்கு அவள் பல வருஷம் காத்திருந்தாள்.

என் மரத்துக்கு இருபது தப்படி தள்ளி ஏழுமலை வைத்த கன்று. ஏழுமலை தேசம்மாவின் வீட்டுக்காரர். இருவரும் நெட்டுக்குப்பத்துக்காரர்கள். முகத்துவாரத்தில் மீன் குறைந்த பிறகு அவர் வலையை விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனார். காலனியின் கடைசி வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஏழுமலைக்கு நெஞ்சு பலவீனம். மருதம்பட்டைக் கஷாயம் இருதயத்துக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

“பட்டைய எத்தினி நாளிக்கி கடையில வாங்கிகினு கீறது? மரத்தயே வெச்சிட்டா போச்சு” என்று சிரித்துக்கொண்டே குழி வெட்டினார் ஏழுமலை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கன்று முழங்கால் உயரம் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் தேசம்மா ரப்பர் பைப்பைக் கையில் எடுத்தாள். அந்த ஒரு கன்றுக்கு மட்டும் அல்ல, எல்லாக் கன்றுக்கும் ஊற்றினாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் ஊற்றுகிறாள். ஏழுமலையின் மரத்திடம் வந்தால் மட்டும் இரண்டு வார்த்தை பேசுவாள். “இன்னா, இன்னிக்கி வாடிகினு கீற?” என்பாள். “நேத்து காத்துல பயந்துட்டியா?” என்பாள். நாங்கள் கேட்காத மாதிரி போய்விடுவோம்.

தகடும் பெயிண்டும்

இந்த வருஷம் பேப்பரில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும் கோனோகார்பஸ் பேச்சு. வெளிநாட்டு மரமாம், மூச்சுக்கு ஆகாதாம், வேர் போய்ப் பைப்பை உடைக்குமாம், பொது இடத்தில் இருந்தால் எடுத்துவிட வேண்டுமாம். எங்கள் பக்கம் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் மூச்சிரைப்பு. ஆகவே எல்லோரும் அந்த மரத்தைத் தேட ஆரம்பித்தார்கள்.

அதே நேரத்தில்தான் காட்டுக்குப் பலகை வைக்கக் காலனிச் சங்கம் முடிவெடுத்தது. காதர் பாய் கடையிலிருந்து இருபத்தாறு தகடுகளை வெட்டிக் கொண்டுவந்தார். பச்சை அடித்து, வெள்ளையில் எழுத வேண்டும். “மரம்னா நம்ம அருள் சார்தான்” என்று என்னைப் பிடித்தார்கள். தெரியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய், “பிரஷ் இருக்கா?” என்று கேட்டது.

தெரிந்த மரங்களுக்குத் தெரிந்த பெயரை எழுதினேன். தெரியாத மரங்களுக்கு இன்னும் அழுத்தமாக எழுதினேன். என் மரத்துக்கு ‘மகிழம்’ என்று எழுதி, கீழே ஒரு பூவும் வரைந்தேன்.

எல்லாம் முடிந்தும் மனசு நிறையவில்லை. ஊரெல்லாம் கோனோகார்பஸைக் கண்டுபிடிக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் மரம் பார்த்தவன் ஒன்றையாவது கண்டுபிடிக்காவிட்டால் என் மரியாதை என்ன ஆவது? குச்சியை எடுத்துக்கொண்டு காட்டை இரண்டு சுற்று வந்தேன். ஏழுமலையின் மரத்தடியில் நின்றேன். வெளுத்த தண்டு. அங்கங்கே தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. இந்த மாதிரித் தோலை நான் பார்த்ததே இல்லை. நான் பார்க்காதது என்றால் வெளிநாட்டுச் சரக்காகத்தானே இருக்க வேண்டும்?

இருபத்தாறாவது தகட்டில் எழுதத் தொடங்கினேன். பின்னால் தேசம்மா வந்து நின்றாள்.

“இன்னா நைனா எழுதிகினு கீற?”

“கோனோகார்பஸ்.”

“அப்டின்னா?”

விளக்கினேன். அவள் முகம் சுருங்கியது. “எங்க வூட்டுக்காரரு மருதுன்னு சொல்லித்தான் வெச்சாரு.”

“நர்சரிக்காரன் ஏமாத்தியிருப்பான் தேசம்மா. நா பாக்காத மருதா? மருது கருப்பா இருக்கும்.”

“உள்ள கருப்பா இருக்கும். வெளிய?”

பதில் இல்லாதபோது நான் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். “உனக்கு இதெல்லாம் புரியாது” என்றேன்.

அவள் ஒரு கையால் தண்டைத் தொட்டுப் பார்த்தாள். “நீ மரம் பாத்த ஆளு. நீ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பைப்பை இழுத்துக்கொண்டு போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தாது. நம்பிவிட்டாள்.

விழா முடிந்த கொஞ்ச நாளில், எடுக்க வேண்டிய மரங்களின் பட்டியலை மாநகராட்சியில் கேட்டார்கள். ‘கோனோகார்பஸ் - ஒன்று’ என்று எழுதி, எந்த மரம் என்று படமும் போட்டு, கையெழுத்திட்டேன். கையெழுத்துக்குக் கீழே ‘மர வல்லுநர் (ஓய்வு)’ என்று சேர்த்தேன். அந்தப் பதவியை எனக்குக் கொடுத்தது நானேதான்.

ரம்பம் வந்த காலை

காலை பத்து மணிக்கு ஒரு குட்டி யானை வண்டியில் ரம்பத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களோடு கான்டிராக்டரின் சூப்பர்வைசர் ஒருவர் பைக்கில் வந்தார். நல்ல வெயில். நிழலான இடமாகப் பார்த்து, என் மகிழத்தின் அடியில் பைக்கை நிறுத்தினார். “சூப்பர் மரம் சார்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழுமலையின் மரத்தடி ஈரமாக இருந்தது. தேசம்மா பைப்போடு குறுக்கே நின்றாள். தகராறு செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் செய்யவில்லை.

“இப்பத்தான் தண்ணி ஊத்திகீறேன். குடிச்சு முடிக்கட்டும். அப்பால வெட்டுங்க” என்றாள்.

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் வரை பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எழுதியது தப்பு என்று அப்போதும் தோன்றவில்லை.

வழி விடுவதற்காகத் தாழ்வான ஒரு கிளையை முதலில் அறுத்தார்கள். அது என் காலடியில் வந்து விழுந்தது.

பழக்கதோஷம். குனிந்து எடுத்தேன். அறுத்த முகத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். தோலை நகத்தால் கீறினேன். வெளியே வெளுத்த தோல், உள்ளே இளஞ்சிவப்பு. ஒரு துணுக்கைக் கடித்தேன். வாயெல்லாம் துவர்த்தது.

மரவாடிக்கு எப்போதாவது உள்ளூர் மருதுக் கட்டை தோலோடு வந்து இறங்கும். அன்றைக்கு மட்டும் நாட்டு மருந்துக் கடை ஆள் கோணிப்பையோடு வந்து, நான் பார்ப்பதற்கு முன்னாலேயே பட்டையை உரித்துக்கொண்டு போய்விடுவார். போகும்போது விளையாட்டாக என் வாயில் ஒரு துண்டைத் திணிப்பார். மத்தியானம் வரை நாக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாதது அந்த நாக்குக்குத் தெரிந்தது.

“நிறுத்துங்க!”

கிரேனிலிருந்து கட்டை நழுவும்போது மரவாடியில் போடுகிற கத்தல் அது. ரம்பம் நின்றது.

“இன்னா சார்?” என்றார் சூப்பர்வைசர்.

“இது கோனோகார்பஸ் இல்ல. நீர்மருது.”

“நீங்கதான சார் எழுதிக் குடுத்துகீறீங்க? மர வல்லுநர்னு வேற போட்டுகீது?”

ரம்பச் சத்தம் கேட்டு மொத்தக் காலனியும் கூடியிருந்தது. ரிப்பன் பூ குத்திய அன்று கைதட்டிய அதே நாற்பது பேர்.

“தப்பா எழுதிட்டேன்.”

“மரம் பாத்தவருக்கு மரம் எப்டி சார் தப்பாவும்?”

“எனக்கு மரம் தெரியாதுங்க. கட்டைதான் தெரியும். அறுத்தாத்தான் தெரியும்.”

அவர் நம்பவில்லை. மரத்தைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். அப்போது மாடியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

“அவுரு சொல்றது நெசந்தாங்க! தேக்கு மரத்தடியில அரை மணி நேரம் குந்திகினு, இது இன்னா மரம்னு கேட்ட ஆளு அவுரு!”

பல வருஷத்துச் சத்தியம் போயிற்று. காலனியே சிரித்தது. காதர் பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தோணியார் அவளை மன்னிப்பார். எனக்கு அன்றைக்கு வேறு சாட்சி யார் இருந்தார்கள்?

தேசம்மா சிரிக்கவில்லை. ஈரத்தில் அப்படியே உட்கார்ந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

பேனாவும் நிழலும்

சூப்பர்வைசர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். “லிஸ்ட்ல ஒண்ணுன்னு கீது. அது எதுன்னு காட்டுங்க. இல்லன்னா, கோனோகார்பஸே இல்லன்னு எழுதிக் குடுங்க. நாங்க வேற எடத்துக்குப் போறோம்.”

சுலபமான வேலை. பேனாவைத் திறந்தேன். எதற்கோ தேசம்மாவைப் பார்த்தேன். அவள் பைக் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “தேசம்மா, அது எதுன்னு உனக்குத் தெரியுமா?”

“இப்ப எதுக்கு நைனா அதெல்லாம்? எழுதிக் குடுத்து அனுப்பு.”

“சொல்லு.”

அவள் என் மரத்தைப் பார்த்தாள். பலகையில் நான் வரைந்த பூவைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஏமாந்தது ஏழுமலை அல்ல.

“எப்போலேர்ந்து தெரியும்?”

“மகிழம் இல்லன்னு நாலாவது வருசத்துலேர்ந்தே. உருண்டை காச்சிச்சில்ல, அப்பவே. மகிழம்னா ரெண்டு பூ எடுத்துத் தலையில வெக்கலாம்னு நானும் ஆசையாத்தான் பாத்துகினு இருந்தேன். நீ பலகை வெச்சதுக்கு அப்பால பேப்பர்ல படத்தப் பாத்தேன். அதே காயி.”

“நா பட்டியல் எழுதறப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“தெனம் காலைல வந்து அத்தத் தடவிக் குடுத்துட்டுப் போற. நா தண்ணி ஊத்திகினே பாக்கறேன். எப்டி நைனா சொல்றது?”

தன் மரத்துக்கு நாள் குறித்தவனின் மரத்தை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அங்கேயே எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுத ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஏழுமலையின் மரத்துக்குத் தீர்ப்பு எழுதும்போது எழுத்து அச்சு மாதிரி விழுந்தது. இப்போது முதல் எழுத்தே கோணிக்கொண்டு வந்தது. அந்த வெட்கம்தான் என்னை எழுப்பியது. என்னை அரிச்சந்திரன் என்று நினைத்துவிட வேண்டாம். சூப்பர்வைசர் கையிலிருந்த போனில் கோனோகார்பஸ் படம் இருந்தது. பைக்கை எடுக்கும்போது அவர் ஒருமுறை தலையை நிமிர்த்தினால் போதும்.

“பைக்க எடுங்க” என்றேன்.

“எதுக்கு சார்?”

“அது நிக்கிறதே நீங்க தேடுற மரத்து நிழல்லதான்.”

அவர் போனைப் பார்த்தார், பைக்கிடம் போய் அண்ணாந்து பார்த்தார். “அட, ஆமா சார். உருண்டை உருண்டையா காயி” என்றார். மேலே ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது.

எட்டு வருஷ மரத்துக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அது சாய்ந்ததும் கிட்டே போனேன். அறுத்த முகத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன், முகர்ந்தேன், கடித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் நான் பார்த்திராத கட்டை. கண்ணில் தண்ணீர் வந்தது. ரம்பத்தூள் விழுந்துவிட்டது என்றேன். காதர் பாய் துண்டை நீட்டினார்.

மறுபடி முன்னூறு தப்படி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒரு நடை. இந்த முறை ரிப்பன் இல்லை, கூட்டம் இல்லை. முன்னால் தேசம்மா, பின்னால் திருப்புளியோடு நான், எனக்குப் பின்னால் கோணிப்பையோடு காதர் பாய்.

“இது?” என்று நான் கேட்பேன். அவள் சொல்வாள். புங்கம் சரியாக இருந்தது. அசோகம் என்று எழுதியது நெட்டிலிங்கம். இலுப்பை என்று நான் எழுதிய மரத்தடியில் வந்து நின்றதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கீழே நாட்டுப் பாதாம் காய் சிதறிக் கிடந்தது. வருஷா வருஷம் அங்கேதான் விழுகிறது. நான் மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

“டீச்சரம்மா இன்னும் இலுப்பப் பூவுக்குக் காத்துகினு கீறாங்க மாமு” என்றார் காதர் பாய்.

ஏழு பலகைகள் தப்பு. சரியாக இருந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பாய் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு, “தகடு நல்ல தகடு மாமு. எழுத்துதான் பேஜாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் காலை நடையை விடவில்லை. முதல் நாள், மரம் இருந்த இடத்துக்கு வந்ததும் கை தானாக நீண்டது. அங்கே வெறும் காற்று. கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இன்னும் இருபது தப்படி சேர்த்து நடந்தேன். ஏழுமலையின் மருது நின்றது. கிளை அறுத்த இடத்தில் தேசம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தாள். அவள் பைப்போடு அந்தப் பக்கம் நின்றாள். நான் தண்டுக்கு முன்னால் தயங்கிக்கொண்டு நின்றேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி எனக்கு வழி விட்டாள்.

“கைய வெச்சுக்கோ நைனா” என்றாள். “பேரு மட்டும் வெக்காத.”